மிச்சம் பிடிக்கும் காப்பிக்காரர்

நங்கநல்லூர், குரோம்பேட்டை, மேற்கு மாம்பலம் ஆகிய சென்னைப் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் ஒரு மனித வகையைச் சிக்கனக் காப்பிக்காரர் என்று அழைக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர், மாதச் சம்பளக்காரர், வீட்டுக்கடனில் பாதியை ஒருவழியாக அடைத்து முடித்தவர். வீட்டில் காப்பிக்கென்றே தனியாக ஒரு மேடை அமைத்திருப்பதோடு, அதை மிகக் குறைந்த செலவில் அமைத்துவிட்டதாக உறுதியாக நம்புவதுதான் ஏனைய காப்பிப் பிரியர்களிடமிருந்து இவரைப் பிரித்துக்காட்டும் இலக்கணம்.

தமிழ் நடுத்தர வகுப்பார் காப்பியைத் தம் பண்பாட்டு அடையாளமாக ஆக்கிக்கொண்ட வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அவ்வகுப்பின் பழைய தலைமுறைப் பிரியருக்குப் பெருமையெல்லாம் கொட்டையில் இருந்தது. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் தட்டையான முகங்கள் ஒட்டியபடி வளரும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகத் திரளும். பீபரி எனப்படும் அந்த உருண்டை விதையையும், தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகாவின் பெரிய கொட்டையாகிய பிளான்டேஷன் ஏ என்பதையும் என்ன விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதில் சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல் வருமளவுக்குக் கருத்து வேறுபாடு நிலவியதுண்டு. சிக்கனக் காப்பிக்காரர் அந்த மரபின் வாரிசுதான். ஆனால் பெருமையின் இருப்பிடத்தை அவர் நாக்கிலிருந்து கணக்கு நோட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஆகவே அந்தக் கணக்கை முதலில் ஆராய்வது முறை. வெளியில் ஒரு காப்பி 40 ரூபாய். நாளொன்றுக்கு 2 காப்பி. மாதத்துக்கு 2,400 ரூபாய். ஆண்டுக்கு 28,800 ரூபாய். வீட்டிலேயே நல்ல காப்பிக்கு ஏற்பாடு செய்துகொண்டால் இத்தொகை முழுவதும் மிச்சம் என்பது அவருடைய சித்தாந்தம். இதில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. அவர் அதுவரை அந்த இரண்டு காப்பியையும் வீட்டில்தான் குடித்துவந்தார் என்ற ஒரே செய்தி மட்டும் கணக்கில் ஏறவில்லை. செலவே ஆகாத பணத்தை மிச்சம் பிடித்துவிட்டபடியால், அது கைவசம் இருப்பதாகவே அவர் கருதுகிறார். கைவசம் இருப்பதிலிருந்து கருவிகள் வாங்குவது செலவு என்ற பெயரையே பெறுவதில்லை. 6,000 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கினாலும் 22,800 ரூபாய் லாபம் என்று அவர் விளக்கும்போது, "அந்த லாபத்துலேர்ந்து ஆயிரம் ரூபா எடுத்துக் குடுங்க, கேஸ் புக் பண்ணணும்" என்று மனைவி கேட்பதை அவர் பொருளாதார அறிவின்மையாகவே எடுத்துக்கொள்கிறார்.

மேடைக்கான பலகை, பக்கத்து வீட்டில் அலமாரி செய்த தச்சரிடம் மீந்த துண்டாக, ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. இந்த வெற்றியின் உற்சாகத்தில் அவர் மின்சாரத்தை மறந்துவிடுகிறார். நம் வீட்டுச் சுவர்களில் பரவலாக இருப்பது குறைந்த மின்னோட்டத்துக்கான 5 ஆம்பியர் பிளக். 1,000 வாட்டைத் தாண்டி இழுக்கும் கெட்டிலையும் காப்பி இயந்திரத்தையும் சேர்த்துத் தாங்க 15 ஆம்பியர் பிளக் தேவை. அடுக்களையில் உள்ள ஒரே 15 ஆம்பியர் பிளக்கோ மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பாத்தியப்பட்டது. எனவே எலெக்ட்ரீஷியன் வருகிறார், சுவர் கொத்தப்படுகிறது, ஒரு டைல்ஸ் உடைகிறது, அதே நிறத்தில் டைல்ஸ் இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிடுகிறார். இந்த வகையில் ஆன செலவு முழுவதும் நோட்டில் 'வீட்டுப் பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது. காப்பிக் கணக்கு களங்கமின்றி நிற்கிறது.

அடுத்தது அரைக்கும் கருவி. இதில் இரு வகை உண்டு: சுழலும் கத்தியால் கொட்டையை வெட்டித் தெறிக்கவிடுவது ஒன்று, பல் கொண்ட இரண்டு வளையங்களுக்கு நடுவே கொட்டையை விட்டு நசுக்குவது மற்றொன்று. கத்தியால் வெட்டியதில் மாவும் ரவையும் கலந்து கிடப்பதால், மாவு அளவுக்கு மீறிக் கரைந்து கசப்பைத் தர, ரவை பாதியே கரைந்து புளிப்பைத் தரும் என்பது உண்மையான நியாயம்; இவர் சொல்வனவற்றில் மறுக்க முடியாதது இது. ஆனாலும் சிக்கனம் கருதி முதலில் வீட்டு மிக்ஸியின் சிறிய ஜாரையே பயன்படுத்துகிறார். முந்திய நாள் மல்லித்தூள் அரைத்த அந்த ஜாரிலிருந்து வரும் காப்பி ரசத்துக்கு நெருங்கிய உறவாக அமைந்துவிடவே, கைப்பிடி சுற்றி அரைக்கும் கருவி ஒன்று வாங்கப்படுகிறது. தூளை நிறுக்க, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசும் கூடவே வருகிறது. வீட்டில் தங்கம் நிறுக்க வேண்டிய தேவை எழுந்தால் பயன்படும் என்பது அதற்கு அவர் கூறும் சமாதானம்.

இயந்திரத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் பார் என்ற சொல் தவறாது வரும். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்த காற்று மண்டலத்தின் அழுத்தம். மாவாக அரைத்து இறுக்கிய தூளினூடே 9 பார் அளவு அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் இறக்கும் சாறுதான் எஸ்பிரெஸோ. விலை மலிந்த இயந்திரங்களின் அட்டைப் பெட்டிகளில் 15 பார் என்று அச்சிட்டிருப்பது அவற்றின் பம்பு தரக்கூடிய உச்ச அளவையே குறிக்கும். காப்பிக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. இவரோ 9 தேவைப்படும் இடத்தில் 15 கிடைத்ததால் 6 பார் இலவசம் என்று மகிழ்கிறார். இயந்திரம் சில மாதங்களில் சளைத்துப்போனதும், 1933-இல் இத்தாலியில் அறிமுகமான மோக்கா பாத்திரத்துக்குத் தாவுகிறார். அடுப்பின் மேல் வைத்தால் கீழறையின் நீராவி வெந்நீரைத் தூளின் வழியே மேலே தள்ளும் எளிய அமைப்பு அது. அலுமினியத்தால் ஆனதை இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்காது என்பது வாங்கிய பிறகே தெரிய வருவதால், இடையில் வைக்க ஓர் இரும்புத் தட்டும் வாங்கப்படுகிறது.

இத்தனைக்கும் நடுவே, அவருடைய தாயார் பரணிலிருந்த பித்தளைப் பில்டரில் தமக்கான காப்பியைப் போட்டுக்கொள்கிறார். அடியில் துளைகளுள்ள மேல்பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் மெல்ல அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால், புவியீர்ப்பு விசை ஊதியமின்றி டிகாக்‌ஷனை இறக்கித் தருகிறது. சிக்கரி, அதாவது வறுத்துப் பொடித்த ஒருவகைக் கிழங்குவேர், கொஞ்சம் கலந்திருந்தால் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கிக் கள்ளிச்சொட்டாக வரும். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், சிக்கரியின் அளவைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் இந்திய உணவு விதிகள். குறைந்த செலவில் வீட்டில் நல்ல காப்பி என்னும் சிக்கல் இவ்வாறு நெடுங்காலத்துக்கு முன்பே தீர்ந்துபோன ஒன்று. சிக்கனக் காப்பிக்காரர் இதை அறியாதவர் அல்லர். தீர்ந்துபோன சிக்கலில் மிச்சம் பிடிக்க வழியில்லை என்பதுதான் அவருடைய இடர்ப்பாடு.

காலையில் அவர் கொட்டையை நிறுத்து, அரைத்து, நீரின் சூட்டை 93 டிகிரிக்குக் கொண்டுவந்து, முதல் கோப்பை திருப்தியில்லாமல் கொட்டி, இரண்டாவதற்கு மறுபடியும் நிறுக்கத் தொடங்கும் வேளையில், "ஏண்டா, உனக்கு ரயிலுக்கு நேரமாகலையா?" என்று தாயாரின் குரல் கேட்கிறது. கோப்பை அப்படியே நிற்க, அவர் ஓடிப்போய் மின்ரயிலைப் பிடித்து, இறங்கிய நிலையத்துக்கு வெளியே உள்ள கடையில் நின்று ஒரு காப்பி குடிக்கிறார். மாலையில் களைப்போடு திரும்பும்போது அதே கடையில் இன்னொன்று. நாளொன்றுக்கு வெளியில் 2 காப்பி என்று நோட்டில் எழுதிய கணக்கு இதன் மூலம் முதன்முறையாக உண்மையாகிறது.

கருவிகள் பின்னர் பாதி விலைக்கு இதே வகையைச் சேர்ந்த இன்னொருவருக்குக் கைமாறுகின்றன. தள்ளிவிட்ட பாதி விலையை வாங்கியவர் தம் நோட்டில் மிச்சமாக எழுதிக்கொள்வார். அப்படி வாங்க எண்ணியுள்ள வாசகர், விலை பேசுவதற்கு முன் பாலை நுரைக்க வைக்கும் நீராவிக் குழாயின் முனையைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது பால் காய்ந்து அடைத்துக் கிடக்கும். பில்டர் ஓட்டையைக் குத்திச் சரிசெய்யும் ஊசியே அதற்கும் போதுமானது.