‘மழை வராது’ அண்ணாச்சி

சதுரகிரி மலைக்கோயிலுக்கு வேன் பிடித்தால் வேனோடு சேர்ந்தே வருகிறவர் ‘மழை வராது’ அண்ணாச்சி. அடிவாரத்துத் தாணிப்பாறையில் இறங்கியதும் புருவத்துக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்ப்பார். வானம் வெளுத்திருந்தால், “மழை வராது.” கருத்திருந்தால், “காத்து கலைச்சிரும்.” காற்றே இல்லையா? “காத்தில்லாம மழை எங்கிட்டு வரும்?” தூறல் விழுந்தால், “இது மலைச்சாரல், மழைக் கணக்குல வராது.” வேட்டி நனைந்து சொட்டும்போது, “அதான் பெஞ்சு முடிச்சிருச்சுல்ல, இனிமே வராது.” எந்த வானத்துக்கும் ஒரே பதில் என்றால், அது வானத்தைப் பார்த்துச் சொன்ன பதிலாக இருக்க முடியாது. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோதே முடிவாகிவிட்ட விஷயம் அது. அண்ணாந்து பார்ப்பதெல்லாம் சடங்கு.

அனுபவத்தை இப்படி எள்ளலாமா என்று அவருடைய கட்சிக்காரர்கள் கேட்பார்கள். எத்தனையோ ஆடி அமாவாசைக்கு ஏறியவர், ஒரு தடவைகூட ஓடையில் மாட்டியதில்லை என்பார்கள். மாட்டாததற்குக் காரணம் வனத்துறை. மழை பெய்து சங்கிலிப்பாறையிலோ மாங்கனி ஓடையிலோ தண்ணீர் ஏறினால் அடிவாரத்திலேயே கேட்டைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று வனக்காவலரிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்திருப்பார். ஆக, அவர் மலைமேல் கண்டதெல்லாம் கேட்டைத் திறந்துவிட்ட நாட்களின் வானம்தான். யாரைத் திட்டுகிறாரோ அவர்கள் வடிகட்டிக் கொடுத்த நாட்களை வைத்துக்கொண்டு, அதற்கு அனுபவம் என்று பெயரும் சூட்டியிருக்கிறார். போதாததற்கு, அவர் பார்ப்பது தலைக்கு மேலிருக்கும் வானத்தை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காலை வெயிலில் சூடான ஈரக்காற்று சரிவில் ஏறி, பிற்பகலில் உச்சியில் இடியும் மழையுமாகக் கொட்டுவது கோடையில் சகஜம். செங்குத்தான பாறைச் சரிவில் விழுந்த தண்ணீர் நின்று யோசிக்காது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஓடையில் செந்நீர் பாயும். 2015 மே மாதம் இதே சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள்.

“வானிலை ஆபீஸ்காரன் சொல்றது மட்டும் பலிக்குதாக்கும்?” என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். பலிக்காமல் போவதுண்டு. ஆனால் அங்கே எச்சரிக்கை தப்பினால் நஷ்டம் வேன் வாடகை. இவர் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2015 சொல்லிவிட்டது. அதுவும் எச்சரிக்கையை அவர் படிக்கிற விதமே தனி: “ஆரஞ்சுதானே, ரெட்டு இல்லையே!” மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை என்றால், அந்த ஓரிரு இடமும் அடுத்த ஊர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மிக கனமழை என்பது ஒரே நாளில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் என்று சொல்லிப் பாருங்கள், “மில்லிதானே” என்பார்.

மனிதர் கெட்டவர் இல்லை. வழுக்குப்பாறையில் முன்பின் தெரியாத பாட்டிகளைக் கைகொடுத்து ஏற்றிவிடுவார், தன் சுக்குக்காப்பியை ஊருக்கே ஊற்றுவார். சிக்கலே அதுதான். இவ்வளவு நல்லவர் பேச்சை எப்படித் தட்டுவது என்று, குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணும் ஓடைக்கரையில் வாய் திறக்காமல் நிற்கிறாள். “முழங்கால் தண்ணிதான், வாங்கத்தா” என்கிறார். பாசி படிந்த பாறையில், பாய்ந்து வரும் வெள்ளத்தில், ஆளைச் சாய்க்க அந்த முழங்கால் தண்ணீரே போதும். திரும்பலாம் என்று முனகுகிறவனுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பயந்தாங்கொள்ளி. அவனோ மழைக்கோட்டு கொண்டுவந்த ஒரே ஆள். மழை வலுத்ததும் அண்ணாச்சி ஒண்டுவதும் அவன் கோட்டுக்குள்தான்.