கொண்டை ஊசி வளைவுகளில் முன்சீட்டு உரிமை: ஓர் ஆய்வு

முன்னுரை

ஒருநாள் மலைப் பயணத்தில் எந்த அருவி, எங்கே சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது ஆகிய கேள்விகள் போதுமான அளவு விவாதிக்கப்பட்டுவிட்டன. வேனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு யாருக்கு என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் சீண்டவே இல்லை. அக்குறையைப் போக்க முனைகிறது இக்கட்டுரை.

ஆய்வுக் களம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் 20 வளைவுகளோடும், ஆழியாற்றிலிருந்து வால்பாறை போகிறவர்கள் 40 வளைவுகளோடும் தப்பித்துவிடுவதால் அங்கே கிடைக்கும் தரவுகள் அரைகுறையானவை. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த அம்புக்கு வேண்டிய நேர்கோடு இம்மலையில் எங்கே கிடைத்தது என்பது தனி ஆய்வுக்குரியது. இன்றைய சாலையில் அப்படி ஒன்று இல்லை.

உடலியல் அடிப்படை

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. வண்டி திரும்பும்போது அவற்றினுள் இருக்கும் திரவம் அசைந்து, ‘சுற்றுகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ எதிரே இருக்கும் சீட்டு உறையைப் பார்த்து, ‘எதுவும் நகரவில்லை’ என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது தீர்ப்பு வயிற்றிலிருந்து வருகிறது. சாலையைப் பார்த்தபடி வருபவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. வளைவை முன்னறிந்து ஸ்டீயரிங்கைத் திருப்பும் டிரைவருக்கோ அநேகமாக வருவதே இல்லை. பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் கடைசி வரிசைதான் அதிகம் ஆடும். ஆக, யாருக்குக் குமட்டுமோ அவருக்கே முன்சீட்டு. விஞ்ஞானம் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது; குடும்பம் இங்கேதான் பேச ஆரம்பிக்கிறது.

உரிமை கோருவோர்

இவர்கள் மூவகையினர். முதல்வர் பெரியப்பா. “எனக்கு மலைன்னாலே தலை சுத்துமப்பா” என்று ராசிபுரம் வருவதற்குள் அறிவித்துவிடுவார். இரண்டாமவர் மாமா. “டிரைவர் தம்பிக்கு வழி சொல்ல ஆள் வேணுமில்ல?” என்பது அவர் வாதம். காரவள்ளிக்கு மேல் இருப்பது ஒரே ரோடு. மூன்றாமவர் புது மாப்பிள்ளை. அவர் கோருவதில்லை, சீட்டு அவரைத் தேடி வரும். பெரியப்பா இருக்கும் வேனில் மட்டும் வராது.

உண்மையிலேயே குமட்டல் உள்ள பெரியம்மா இப்பட்டியலில் இல்லை. “நான் எங்கியாச்சும் உக்காந்துக்கறேன் கண்ணு” என்று புளிசோற்றுப் போசியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்.

சான்று

புறப்படும்போது எல்லோர் கையிலும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுக்கப்படுகிறது. இதுவே நம் ஆய்வுக் கருவி. பத்தாவது வளைவுக்குள் பெரியம்மாவின் பழத்தில் நகக்கீறல் விழுகிறது. முப்பதாவது வளைவில் மஞ்சள் தோல் போய் உள்வெள்ளை தெரிகிறது. பழம் மூக்கைவிட்டு அகல்வதில்லை; கண் மூடியிருக்கிறது; யார் எது கேட்டாலும் “ம்” மட்டுமே பதில். அதே நேரம் முன்சீட்டில் பெரியப்பா, “நாப்பத்தேழு! இன்னும் இருவத்து மூணு!” என்று வளைவுப் பலகைகளைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் கழித்தல் கணக்கும் போடுகிறார். தலை சுற்றுகிறவர் கணக்குப் போடுவதில்லை. பெரியப்பாவின் பழம் கீறலே இல்லாமல் செம்மேடு போய்ச் சேர்ந்து, சர்பத்தாகிறது.

துணைச் சான்றும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்குப் பிறகும் பெரியம்மாவின் கைப்பையில் நான்காக மடித்த கேரி பேக் ஒன்று எப்போதும் இருக்கிறது. பெரியப்பாவின் பையில் வெற்றிலை பாக்கு மட்டுமே.

மறுப்பும் விடையும்

“மேலே போய் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல படி இறங்கி ஏறணும். முட்டி வலிக்கிறவனுக்கு வண்டியிலயாவது சௌகரியம் வேண்டாமா?” என்று பெரியப்பா தரப்பு வாதிடக்கூடும். அத்தனை படியும் இறங்கி, குளித்து, ஈரச்சேலையோடு ஏறி வந்தவர் பெரியம்மா. அதுவரை அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

பரிந்துரை

பத்தாவது வளைவு தாண்டி, ஓரங்கட்ட இடம் கிடைத்ததும் வேனை நிறுத்திப் பழங்களைப் பரிசோதிக்க வேண்டும். கீறல் விழுந்த பழத்துக்கே முன்சீட்டு.

இம்முறையிலும் ஓட்டை உண்டு. இக்கட்டுரை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரவினால், அடுத்த தடவை எல்லோரும் பழத்தை வீட்டிலேயே கீறி எடுத்து வருவார்கள். அப்போது பைகளைச் சோதித்துக் கேரி பேக் தேடலாம். பெரியப்பாவின் பையிலும் ஒன்று அகப்பட்டால் ஏமாற வேண்டாம். அதை மடித்து வைத்தவர் பெரியம்மாவாகத்தான் இருப்பார்; சீட்டை அவருக்கே கொடுத்துவிடலாம்.