கூடத்தில் ஒரு போன் இருக்கட்டும்

கேள்வி: மழை பெய்தால் எங்கள் லேண்ட்லைன் படுத்துவிடுகிறது. சிம் போடுகிற மேசை போன் வாங்கச் சொல்கிறான் மகன். அவன் பேச்சைக் கேட்கலாமா? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கடைக்குப் போகுமுன், போனை வைக்கப்போகிற இடத்திலேயே நின்று மொபைலில் பேசிப் பாருங்கள். மழை நேரத்திலும் ஒரு தடவை. வாசலில் நான்கு கோடு, உள்ளறையில் பூஜ்யம் என்பது பல வீடுகளில் உள்ள கதை. 4ஜி வோல்ட்டி உள்ள போனாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த மாடல்கள் பல 2ஜியோடு நின்றுவிடும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அந்த சிம்மை 2ஜி போனில் போட்டால் பேரனுக்கு விளையாட ஒரு பொம்மை கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: இருபது வருடத்துக்கு முன்பே கம்பியில்லாத வீட்டுப் போன் வைத்திருந்தோமே, அது எங்கே போயிற்று? (வாசகர், நெடுங்கண்டம்)

பதில்: டாடாவின் வாக்கி, பி.எஸ்.என்.எல்.லின் தரங் எல்லாம் சி.டி.எம்.ஏ. வகை. நிறுவனங்கள் 4ஜிக்குத் தாவியபோது அது வழக்கொழிந்தது. இப்போதும் 4ஜி கேட்டு வாங்கச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: வீடு கேரளத்தில், சிக்னல் தமிழ்நாட்டிலிருந்து. எங்கள் போன் எந்த ஊர்க்காரன்? (வாசகி, வேலந்தாவளம்)

பதில்: எந்தக் கோபுரம் பலமாக இழுக்கிறதோ, அந்த ஊர்க்காரன்! முன்பு இதற்கு ரோமிங் காசு பிடுங்கினார்கள்; 2017-ல் பெரிய நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டன. காசுக் கவலை தீர்ந்தது, உயிர்க் கவலை தீரவில்லை. அவசரத்துக்கு 108 அடித்தால் அழைப்பு பக்கத்து மாநில மையத்துக்குப் போய்விடலாம். அதனால் எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் இவற்றின் நேரடி எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் 04865 எண் சொந்தபந்தம் எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சிம்முக்குக் கொண்டுபோக முடியுமா? (வாசகர், மூணாறு)

பதில்: முடியாது. மொபைல் எண்ணைத்தான் நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றலாம். உங்கள் பக்கம் பி.எஸ்.என்.எல். ஃபைபர் வந்திருந்தால், பழைய எண்ணையே அதில் கேட்டுப் பாருங்கள். சிம்தான் வழி என்றால், வங்கிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் திருநெல்வேலி அத்தைக்கும் புது எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு லேண்ட்லைனை ஒப்படையுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் எது பேசும்? (வாசகர், வண்டிப்பெரியாறு)

பதில்: மலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் பிளக் வேண்டாம். ஃபைபர் மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். சிம் போனுக்குச் சொந்த பேட்டரி உண்டு, ஆனால் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் அதுவும் ஊமை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் ராஜமலை பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில். அன்று ஒரே ஒரு போன் பேசியிருந்தால் மீட்பு ஆட்கள் அந்த இரவே கிளம்பியிருப்பார்கள். இந்த நினைப்பு எனக்கு ஆறவே இல்லை. கிராம சபையில் எழுந்து நின்று, உங்கள் கோபுரத்துக்கு ஜெனரேட்டர் உண்டா, மழைக்காலத்துக்கு டீசல் இருப்பு உண்டா என்று கேளுங்கள். வீட்டில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். கம்பி இன்னும் உயிரோடு இருந்தால், புது போன் ஒரு மழைக்காலத்தைத் தாண்டும்வரை அதை விடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஆளுக்கொரு மொபைல் இருக்கிறது. கூடத்துக்குத் தனியாக எதற்கு ஒன்று? (வாசகி, சித்தூர்)

பதில்: மொபைல் ஆளோடு கிளம்பிவிடும். வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளி விட்டு வந்த பிள்ளையும். பாட்டிக்குப் பெரிய பட்டன் வேண்டும், போன் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். பிரீபெய்டு சிம் என்றால் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வேலிடிட்டி முடிந்து கொஞ்ச நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். அது பாட்டிக்குத் தெரியாது.