சொந்த சர்வர்காரர்

ஒரு அபார்ட்மென்ட்டுக்கு இப்படி ஒருவர்தான் இருப்பார். தப்பித் தவறி இரண்டாமவர் குடிவந்துவிட்டால் இருவருக்கும் பேச்சுவார்த்தை நிற்காது. மெயில் சர்வர் மென்பொருளில் ஒருவர் போஸ்ட்ஃபிக்ஸ் கட்சி, மற்றவர் எக்ஸிம் கட்சி. விசிட்டிங் கார்டை நீட்டும்போது போன் நம்பரைக் கட்டைவிரல் மறைத்திருக்கும், ஈமெயில் முகவரி மட்டும் பளிச்சென்று தெரியும். முதலில் அவர் பெயர், நடுவில் அட், அப்புறம் மறுபடியும் அவர் பெயர். அதைக் கவனிக்காமல் நாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் மனிதருக்குத் தாங்காது. “சார், அது நம்ம சொந்த சர்வர்” என்பார்.

ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பதில் தயார். “ஜிமெயில்ல அக்கவுன்ட் வெச்சிருக்கறது அடுத்தவன் திண்ணையில படுத்துத் தூங்கற மாதிரி சார். நடுராத்திரி எழுப்பி விரட்டினான்னா எங்க போவீங்க?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1982-ல் ஜான் போஸ்டெல் ஈமெயிலுக்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது, எந்தக் கணினியும் எந்தக் கணினியின் கதவையும் தட்டிக் கடிதம் கொடுக்கலாம், பெரிய கம்பெனி எதனிடமும் சிபாரிசு வாங்க வேண்டாம் என்றுதான் ஏற்பாடு. நம்மவர் இன்னும் அந்த வருஷத்திலேயே குடியிருக்கிறார். ஆனால் வீட்டு பிராட்பேண்டில் மெயில் போகவேண்டிய 25-ஆம் எண் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறார்கள், ஐ.பி. முகவரியும் தெருவுக்கே பொதுவாக இருக்கிறது. ஆகவே அவருடைய ‘சொந்த’ சர்வர் ஜெர்மனியில் ஒரு டேட்டா சென்டரில் மாத வாடகைக்கு ஓடுகிறது. திண்ணை திண்ணைதான், ஊர்தான் வேறு.

இவர் மெயில் அனுப்பினால் அது நமக்குத் தெரிவது போன் மணியில்.

“ஒரு மெயில் போட்டிருக்கேன், வந்துச்சா?”

“இல்லையே.”

“ஸ்பேம்ல பாருங்க.”

“அதுலயும் இல்லையே சார்.”

இந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம் வரும். அதை ஏமாற்றம் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அன்றைய இரவுக்கு வேலை கிடைத்துவிட்ட பூரிப்பு அது. “நேம்சர்வரா இருக்கும்” என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு வைப்பார். மெயிலில் என்ன எழுதியிருந்தார் என்று கேட்டால், ‘டெஸ்ட்’ என்று எழுதியிருந்தார்.

நேம்சர்வர் என்றால் என்ன என்று தெரியாமல் அவர் வீட்டுக்கு வந்தவர் யாரும் தெரியாமலே திரும்பியதில்லை. கூரியர் பையன் உட்பட. அந்தக் காலத்தில் இணையத்தில் இருந்த அத்தனை கணினிகளின் பெயரும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது, கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் அதைக் கையாலேயே திருத்திக்கொண்டிருந்தார்கள், கட்டுப்படியாகாமல் 1983-ல் பால் மொகபெட்ரிஸ் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார் என்று ஆரம்பிப்பார். உச்சியில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் ரூட் சர்வர்கள். அவை ‘டாட் இன்’ யாரிடம் இருக்கிறது என்று காட்டும், அது நம்மவருடைய நேம்சர்வரைக் காட்டும், நேம்சர்வர் எம்.எக்ஸ். ரெக்கார்டைப் பார்த்து மெயில் சர்வரின் பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு ஐ.பி. என்ன என்று மறுபடி கேட்க வேண்டும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். “இதுல எங்க வேணா உடையலாம் சார்” என்று முடிப்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவரின் பெருமிதத்தோடு. கூரியர் பையன் கையெழுத்துக் கேட்பான்.

ஒருமுறை நிஜமாகவே உடைந்தது. இரண்டு நாளாக எந்த மெயிலும் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘டிக்’ கட்டளையை அடித்து அடித்து, ரூட்டிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவர், அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டிலருகே போய்க் கத்தினார்: “புள்ளி! புள்ளி வைக்கல!”

மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “மார்கழிதான் இன்னும் பொறக்கலையேங்க. வாசல் தெளிச்சுட்டுக் காலையில வெச்சுக்கலாம், படுங்க.”

அவர் சொன்னது வேறு புள்ளி. நேம்சர்வர் படிக்கும் ஜோன் ஃபைலில் முழுப்பெயர் எழுதினால் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால், பெயர் பாதியில் நிற்கிறது போலும் என்று எண்ணி நேம்சர்வர் டொமைனைத் தானே இன்னொரு தரம் ஒட்டிவிடும். மெயில் டாட் இன்னார் டாட் இன் என்பது, மெயில் டாட் இன்னார் டாட் இன் டாட் இன்னார் டாட் இன் என்று ஆகிவிடும். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இல்லை. அங்கேதான் இரண்டு நாளாக எல்லோரும் கடிதம் கொண்டுபோயிருக்கிறார்கள்.

புள்ளியை வைத்தார். ஃபைலின் தலையில் இருக்கும் சீரியல் நம்பரை மட்டும் ஏற்ற மறந்தார். நம்பர் ஏறாதவரை இரண்டாவது நேம்சர்வர் புதிய ஃபைலைத் தொட்டுக்கூடப் பார்க்காது. ஒரு நேம்சர்வர் சரியான பதிலும், மற்றது பழைய பதிலும் சொல்ல, மாமனார் மெயில் வந்தது, மைத்துனர் மெயில் வரவில்லை. குடும்பத்தில் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்பட்டது.

அதையும் சரிசெய்தபின் அவர் சொன்ன வாக்கியம்தான் இந்த இனத்தின் தாரக மந்திரம்: “ப்ரொபகேட் ஆகணும் சார்.” உண்மையில் எதுவும் எங்கும் பரவுவதில்லை. நமக்காக நேம்சர்வரிடம் கேட்டு வரும் உலகத்து ரிசால்வர்கள் கேஷில் வைத்திருக்கும் பழைய பதிலுக்கு டி.டி.எல். என்று ஓர் ஆயுள் உண்டு. 86,400 விநாடி என்று போட்டிருந்தால் முழுதாக ஒரு நாள், அது தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மாற்றம் செய்வதற்கு முந்தின நாளே அதை 300 ஆகக் குறைத்து வைப்பது புத்திசாலித்தனம். இது அவருக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் மாற்றம் செய்த மறுநிமிஷம் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு அவசரம் வேறு. ரெக்கார்டைச் சேர்ப்பதற்கு முன்பே வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பார். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலையும் கேஷ் கர்மசிரத்தையாக மனப்பாடம் செய்துவிடும். எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் எப்போதோ வேலை செய்திருக்கும்.

பி.டி.ஆர். ரெக்கார்டு விஷயத்தில் அவர் பட்டது தனிக்கதை. ஐ.பி.யைத் திருப்பிக் கேட்டால் பெயர் வர வேண்டும். வராவிட்டால் பெரிய கம்பெனிகள் மெயிலை வாங்காது. டொமைன் வாங்கிய இடத்தில் போய் அதைக் கேட்டுச் சண்டை போட்டார். அது அவர்கள் கையில் இல்லை, ஐ.பி. யாருடையதோ அவர்கள்தான் தர வேண்டும். அதாவது, ஜெர்மனித் திண்ணைக்காரர். ஒருவழியாக வாங்கிவிட்டார். சர்வர் மறுநாளே ஐ.பி.வி6 வழியாக மெயில் அனுப்ப ஆரம்பித்தது. அந்த முகவரிக்கு பி.டி.ஆர். இல்லை.

அவர் வாழ்வின் பொற்காலம் என்று ஒரு வாரம் உண்டு. “ஒரே ஒரு ஸ்பேம்கூட வரலை சார்!” என்று மாடிப்படியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நடந்தது இதுதான்: ரிசால்வராக கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டிருந்தார். ஸ்பேம் முகவரிகளைப் பட்டியல் போடும் ஸ்பேம்ஹவுஸ், அப்படிப் பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளுக்கு முகம் கொடுக்காது, 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். இவருடைய சர்வரோ, ஏதாவது ஒரு பதில் வந்தாலே ஆள் அயோக்கியன் என்று முடிவு கட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த வாரம் உலகத்தில் இருந்த எல்லோருமே அயோக்கியர்கள். வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம், அமெரிக்காவிலிருந்து தங்கை, ஒருவரையும் வாசல் மிதிக்க விடவில்லை.

இத்தனைக்கும் நடுவே நாள் தவறாமல் அவருக்குக் கடிதம் போடும் ஓர் ஆத்மா இருக்கிறது. டிமார்க் என்று ஒரு ரெக்கார்டு உண்டு. அவருடைய டொமைன் பெயரில் வந்த மெயில்கள் எத்தனை, எத்தனை தேறின, எத்தனை தேறவில்லை என்று பெற்றுக்கொண்டவர்கள் அதில் உள்ள முகவரிக்கு அறிக்கை அனுப்புவார்கள். மற்றவர்கள் மறந்தாலும் கூகுள் மறக்காது. அவர் ஜிமெயிலுக்கு ஒரு டெஸ்ட் மெயில் போட்டால் போதும், மறுநாள் அறிக்கை ஆஜர். கூகுளை விட்டு விலகி வந்தவரின் இன்பாக்ஸைத் திறந்தால் நிறைந்திருப்பவை கூகுளின் கடிதங்கள்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் நேம்சர்வர்கள் இணையத்திலிருந்தே காணாமல் போய், நம் ஊர் நேரத்துக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பும் சேர்ந்து படுத்ததே, அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ‘நம்ம சர்வர் ஓடுது’ என்று தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். வெகுநாள் கழித்து ஸ்பேம் ஃபோல்டரைச் சுத்தம் செய்தவர்கள் அதைப் படித்துப் பெருமைப்பட்டார்கள்.

போன மாதம் ஒரு காலை, டொமைனே வேலை செய்யவில்லை. டிக் அடித்தால் யாரோ முன்பின் தெரியாத நேம்சர்வர் பதில் சொல்கிறது. “ஹேக் பண்ணிட்டாங்க” என்று பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றினார்; லாக்குகளைப் புரட்டினார்; ஜெர்மனிக்கு எழுதினார். சாயங்காலம் ஊரிலிருந்து வந்த மச்சினன் காபி குடித்துக்கொண்டே கேட்டான்: “மாமா, இதுக்கு வருஷா வருஷம் பணம் ஏதாவது கட்டணுமா?”

கட்டணும். கட்டச் சொல்லி டொமைன் விற்ற ரெஜிஸ்ட்ரார் எழுதிய கடிதங்களை, ‘உடனே பணம் கட்டவும், இல்லாவிடில் முடக்கப்படும்’ என்ற வாசகத்தைக் கண்டு இவருடைய ஃபில்டர் பத்திரமாகக் குப்பையில் சேர்த்திருந்தது. கெடு முடிந்த பிறகு எழுதிய கடிதங்கள் போய்ச் சேர டொமைனே இல்லை.

நல்லவேளை, கருணைக் காலம் மீதம் இருந்தது. அன்றே பணத்தைக் கட்டினார். இனி இப்படி நேராமலிருக்க, ரெஜிஸ்ட்ரார் தொடர்பு கொள்வதற்கென்று வேறொரு முகவரி கொடுத்திருக்கிறார். ஜிமெயில் முகவரிதான். அது ரெஜிஸ்ட்ராருக்கும் மச்சினனுக்கும் மட்டும்தான் தெரியும். மச்சினன் அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிவிட்டான்.