செத்த பிறகு தோற்ற குதிரை

கேள்வி: நன்றாக ஓடும் இளம் பந்தயக் குதிரைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், உடனே பயிற்சியாளரைச் சந்தேகிப்பது நியாயமா?

பதில்: பாதி நியாயம். இரண்டு வயதில், எலும்பு முற்றுவதற்குள் ஓட விடுகிறார்கள். முன்னங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும்தான். அரியர்ஸ் வைத்து அடுத்த வருஷம் எழுத முடியாது. அந்த அவசரம் முதலாளிக்கும் உண்டு, பயிற்சியாளருக்கு மட்டுமல்ல.

மீதிப் பாதிக்குப் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டைக் கேளுங்கள். 2021 டெர்பியில் அவருடைய மெடினா ஸ்பிரிட் முதலில் வந்தது. ஒரு வயதில் வெறும் 1,000 டாலருக்கு விலைபோன குதிரை! ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மூட்டு வீக்கத்துக்கு ஊசியாகப் போடும் மருந்து. ‘அதைக் கொடுக்கவே இல்லை’ என்றார். இரண்டே நாளில், தோல் நோய்க்குத் தடவிய களிம்பு ஞாபகம் வந்தது. நம்பியிருக்கலாம்; ஆனால் முந்தைய ஆண்டுதான் டெர்பி நடக்கும் அதே சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், அதே மருந்துக்காக அவருடைய இன்னொரு குதிரை கமீன் மூன்றாம் இடத்தை இழந்திருந்தது. ஊசியா களிம்பா என்று வக்கீல்கள் மாய்ந்து மாய்ந்து வாதாடினார்கள். எப்படி உள்ளே போனால் என்ன, போட்டி நாளில் இருக்கக் கூடாது என்றது விதி.

2021 டிசம்பரில் பயிற்சி ஓட்டத்தின்போது மெடினா ஸ்பிரிட் விழுந்து இறந்தது. பிரேதப் பரிசோதனையில் திட்டவட்டமான காரணம் கிடைக்கவில்லை. டெர்பி பட்டத்தைப் பறித்தது அதற்கும் பிறகு, 2022 பிப்ரவரியில். பாஃபர்ட்? அவருக்கு விதித்த தடை முடிந்து 2025 டெர்பிக்கே திரும்பிவிட்டார்.