ஸ்டார்ட் பட்டனை டிவி தின்ற கதை

1948 நவம்பரில், பாரிசில், தகவல் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த 32 வயது அரசியல்வாதி ஒருவர் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பெயர் பிரான்சுவா மித்தரான். பிற்பாடு 14 வருஷம் ஜனாதிபதி நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். பிரான்சில் இனி டிவி படம் 819 கோடுகளில் வரவேண்டும் என்பது ஆணை. அமெரிக்காக்காரன் அப்போது 525 கோட்டோடு திருப்தியாக இருந்தான். இங்கிலீஷ்காரனுக்கு 405 போதுமாக இருந்தது. பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் 819.

அந்தத் தேதியில் பாண்டிச்சேரியும் பிரான்சுதான். ஊரில் பழைய பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் சிலை நின்றது, மூன்று வர்ணக் கொடி பறந்தது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது. ஆகவே வக்கீல் வைத்து வாதாடினால், தமிழ் மண்ணில் எச்டி டிவிக்கு முதல் பாத்தியதை எங்களுக்குத்தான். டிவி என்று ஒன்று ஊரில் கிடையாது என்பதுதான் ஒரே குறை.

எச்டி என்பதே ஆளாளுக்கு ஒரு கணக்கு. 240 கோட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது ஹை டெஃபனிஷன் என்று 1935ல் லண்டனில் ஒரு கமிட்டி சொன்னது. நெட் படுத்துவிட்டால் யூடியூபில் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாக ஒரு படம் வருமே, அந்த 240தான். அதைத்தான் கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் உயர் துல்லியம் என்று கைதட்டி வரவேற்றார்கள். அந்த வகையில் பார்த்தால் பிரெஞ்சுக்காரனின் 819 நிஜமாகவே பெரிய சமாசாரம். என்ன ஒன்று, அவ்வளவு கோட்டையும் ஏற்றி அனுப்ப அடுத்தவனைப்போல இரண்டு பங்கு அகலமான அலைவரிசை வேண்டும். வானம் முழுவதையும் ஒரே சானல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. 1964ல் இரண்டாவது சானல் தொடங்கியபோது சத்தமில்லாமல் ஊரோடு ஒத்துப்போய் 625க்கு இறங்கிவிட்டார்கள். பழைய 819ஐ 1983 வரை ஓட்டினார்கள், வீம்புக்கு.

நடுவில் மாட்டிக்கொண்டவன் பெல்ஜியக்காரன். அவன் வீட்டு டிவியில் ஒரு குமிழ் இருந்தது. பிரெஞ்சு 819க்கு ஒரு பக்கம் திருப்பவேண்டும், உள்ளூர் 819க்கு இன்னொரு பக்கம். உள்ளூர் 625 தனி, அக்கம்பக்கத்து நாட்டு 625 தனி. ஆக ஒரு பெட்டியில் நாலு நாட்டாமை. அந்தக் குமிழைச் செய்து விற்றவன் சம்பாதித்திருப்பான்.

இந்தத் தொழில் பாண்டிக்காரனுக்குப் புதிதில்லை. ரெண்டு துரைமார்கள் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவே நின்று காசு பார்ப்பவருக்குத் துபாஷி என்று பெயர். துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு டைரி எழுதினார். 1761 ஜனவரியில் ஊர் இங்கிலீஷ்காரனிடம் சரணடைவதற்குச் சில நாள் முன்பு காலமாகிவிட்டார். வந்தவன் ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினான். அதைப் பார்க்காமல் போனது அவர் செய்த புண்ணியம். பிற்காலத்தில் எச்டிஎம்ஐ, டிவிஐ என்ற ரெண்டு வகை ஒயர்கள் பேசிக்கொள்ள மறுத்தபோது அவர் இல்லாமல் போனதுதான் நமக்கு நஷ்டம்.

சரி, கதைக்கு வருவோம். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. காகிதத்தில் கைமாற 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் மூட்டை கட்டும்போது வீதிப் பெயர், போலீஸ் தொப்பி, ரொட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். 819 கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தியாவில் டிவி 1959ல் டெல்லியில் தொடங்கியது. அது சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 ஆனது. டெல்லிக்கும் சென்னைக்கும் ரயிலில் ரெண்டு ராத்திரி என்பார்கள், டிவிக்குப் பதினாறு வருஷம். பாண்டிக்கு அங்கிருந்து இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர். வசதிப்பட்ட வீடுகளில் மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, புள்ளி மழைக்கு நடுவே 'ஒலியும் ஒளியும்' பார்த்தார்கள். ஒலி பெரும்பாலும் வந்துவிடும்.

1982ல் ஏஷியாட் வந்தது, கலர் வந்தது. இந்தியா எடுத்துக்கொண்டது ஜெர்மன்காரனின் பால் என்ற கலர் முறை. பிரான்சில் ஓடியது செக்காம். 819க்குப் பின்னால் இருந்த எஞ்சினியர் ஆன்றி த பிரான்ஸ்தான் இதையும் கண்டுபிடித்தவர். மனிதர் அடங்கவில்லை. தெ கோல் சர்க்கார் 1965ல் சோவியத்காரனிடம் ஒப்பந்தமே போட்டு, இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலான நாடுகளில் செக்காமைப் பரப்பியது. அணுகுண்டு விஷயத்தில்கூட இவ்வளவு வேகம் காட்டினார்களா என்று தெரியாது.

இதன் முழுப் பலனையும் அனுபவித்த தமிழ் ஊர் பாண்டி. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் என்று பாதி ஊருக்குப் பாரிசில் சொந்தம் உண்டு. அங்கே நடந்த கல்யாணத்தை வீடியோ எடுத்து கேசட் அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் பாயைப் போட்டு உட்கார்ந்து விசிஆரில் செருகினால், மணப்பெண் கறுப்பு வெள்ளையில் வருவாள். கோடு ரெண்டு முறையிலும் 625தான், அதனால் படம் அசையாமல் நிற்கும். கலரைச் சுமந்து வரும் முறை மட்டும் வேறு. பெட்டி அதைப் புரிந்துகொள்ளாமல் கலரைத் தூக்கி எறிந்துவிடும். "இவ்ளோ செலவு பண்ணி கூறப்பொடவ எடுத்தேன், என்னா கலருன்னே தெரியலயே" என்று பாட்டிமார் மூக்கைச் சிந்துவார்கள். பழைய பிரெஞ்சு டிவி பெட்டியையே கப்பலில் கொண்டுவந்திருந்தால் கதை இன்னும் மோசம். அங்கே வெளிச்சம் கூடினால் சிக்னல் கூடும், இங்கே வெளிச்சம் கூடினால் சிக்னல் குறையும். சத்தம் அங்கே ஏஎம், இங்கே எஃப்எம். செய்தி வாசிப்பவர் ஃபோட்டோ நெகட்டிவில் வந்து இரைச்சலாக உறுமியிருப்பார். கடைசியில் மல்டி சிஸ்டம் டெக் வந்துதான் மணப்பெண்களுக்குக் கலர் திரும்பியது. மல்டி சிஸ்டம் வைத்திருந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளி குறையாது.

ஜப்பான்காரன் 1125 கோட்டில் எச்டி என்றான். ஐரோப்பாக்காரன் பொறுக்கமாட்டாமல் 1250 என்று 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்சை அதில் காட்டிவிட்டு, பிறகு மூடிவைத்துவிட்டான். இதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை, விட்டுவிடுவோம்.

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ பிறந்தது. ஏழு கம்பெனி சேர்ந்து பெற்ற பிள்ளை. அதில் ஒன்று பிரான்சின் தாம்சன், பிரெஞ்சுக்காரன் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது என்பது விதி போலும். இனி உலகத்துக்கே ஒரே ஒயர், படமும் சத்தமும் அதிலேயே, சண்டை ஓய்ந்தது என்றார்கள்.

ஓய்ந்த லட்சணத்தை 2009 வாக்கில் குருசுக்குப்பத்தில் என் மாமா வீட்டில் பார்த்தேன். மாமா அல்ஜீரியா வரை போய்வந்த சொல்தா. பென்ஷன் யூரோவில் வரும். அந்த யூரோவில் 32 அங்குலத்துக்கு ஒரு எச்டி ரெடி டிவி வாங்கி ஹாலில் மாட்டிவிட்டார். பேத்தி பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் முகத்தை ஸ்கைப்பில், கம்ப்யூட்டரை டிவியில் கொடுத்து, பெரிசாகப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதற்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லிவைத்து ஒரு கிராபிக்ஸ் கார்டும் வந்து இறங்கியது. மாட்டிக்கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் கடைத் தம்பி வந்தார்.

முதலில் விஜிஏ ஒயர். டிவியின் பேனலில் குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768. கார்டு 1360தான் தருவேன் என்றது. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வரவேண்டிய சம்பளத்தில் ஆறு ரூபாய் பிடித்த மாதிரி இருக்கிறதே என்று மாமா கேட்டார். காரணம் இருக்கிறது. 1987ல் விஜிஏ பிறந்தபோது திரையின் அகலத்தை எழுத்துக் கணக்கில், எட்டு எட்டுப் புள்ளியாக எண்ணும்படி செய்துவிட்டார்கள். 1366 எட்டால் வகுபடாது. அதனால் பக்கத்துக்கு மூன்று புள்ளி கறுப்பு. எட்டால் வகுபடாத எண்ணில் பேனல் செய்த மகராசன் யாரோ, வாய்ப்பாட்டு வகுப்பில் தூங்கியிருக்கிறான்.

"இது வேணாம் ஐயா, எச்டிஎம்ஐல போட்டுடலாம்" என்றார் தம்பி. கார்டில் எச்டிஎம்ஐ துளை இல்லை, டிவிஐதான். தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி அடாப்டரை எடுத்தார். அதுதான் நம் துபாஷி. ஒரு பக்கம் டிவிஐ பேசும், மறுபக்கம் எச்டிஎம்ஐ பேசும். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை. டிவிஐக்குச் சத்தம் பற்றிக் கவலையே கிடையாது, படம் மட்டும்தான் அதன் வேலை. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ/டிவிஐ என்று எழுதிய துளைக்கு மட்டும் தனியாக ஒரு ஆடியோ துளை வைத்திருந்தான் டிவி செய்தவன், தெரிந்தே. அதற்கு இன்னொரு ஒயர்.

சத்தமும் வந்தது. இப்போது ஸ்டார்ட் பட்டனைக் காணோம்.

கீழே டாஸ்க்பாரே இல்லை. மேலே ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறியில் பாதி இல்லை. "எங்கடா தம்பி போச்சு?" என்று மாமா டிவிக்குக் கீழே குனிந்து பார்த்தார். கீழே சுவர்தான் இருந்தது.

விஷயம் இதுதான். பழைய கண்ணாடி டியூப் டிவியில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது. வோல்டேஜ் ஆடினால் சுருங்கும், வயசானால் கோணும். அதனால் படத்தை நாலைந்து சதவீதம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டை டிவியில் டியூபும் இல்லை, கோணலும் இல்லை. ஆனாலும் விடவில்லை. புள்ளி புள்ளியாகச் சுத்தமாக வருகிற படத்தை வேண்டுமென்றே இழுத்துப் பெரிதாக்கி, ஓரத்தை வெட்டிக் காட்டுகிறது. செத்துப்போன டியூபுக்கு இன்னும் திவசம் நடக்கிறது.

இதை நிறுத்த டிவியிலேயே வழி இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனி அதை ஜஸ்ட் ஸ்கேன் என்பான், ஒருத்தன் ஸ்கிரீன் ஃபிட் என்பான், ஒருத்தன் ஃபுல் பிக்ஸல், இன்னொருத்தன் டாட் பை டாட். சில டிவிகளில் மெனுவில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உள்ளே போய் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரைப் பிசி என்று மாற்றவேண்டும். மாற்றிய மறுநொடி ஓரம் நேராகிவிடும். 2006ல் பாண்டிச்சேரியைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள், ஒரு சாக்கடைகூட நேராகவில்லை. பெயர் மாற்றியதால் பலன் கிடைத்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு இடத்தில்தான்.

மாமா வீட்டு டிவியும் அந்த ஜாதிதான். தம்பி பெயரை மாற்றினார். ஸ்டார்ட் பட்டன் வந்தது. கூடவே படத்தைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சட்டம் வந்தது. டிவி ஓரத்தை வெட்டும் என்று கார்டு செய்தவனுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அவன், யாரும் கேட்காமலே, படத்தைச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். டிவிக்காரன் பெரிதாக்குவான் என்று கார்டுக்காரன் சுருக்க, இப்போது டிவிக்காரன் பெரிதாக்குவதை நிறுத்திவிட்டான், கார்டுக்காரன் சுருக்குவதை நிறுத்தவில்லை. கார்டின் மென்பொருளுக்குள் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு ஸ்லைடர் இருந்தது. அதைப் பூஜ்யத்துக்கு இழுத்ததும் படம் திரை நிறைய வந்து உட்கார்ந்தது.

கறுப்பு மட்டும் சாம்பலாக இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. டிவிக்காரர்களுக்கு 16ல் தொடங்கி 235ல் முடியும். நம் ஊருக்குக் கலர் வந்த அதே 1982ல் ஸ்டுடியோக்காரர்கள் போட்ட விதி அது. கார்டு எதிரே இருப்பது டிவி என்று மரியாதையாக 16ல் அனுப்பியது, டிவியோ பிசி என்று பெயர் மாறிய கெத்தில் 0வை எதிர்பார்த்து நின்றது. ராத்திரி சீன் எல்லாம் விடியற்காலையாகத் தெரியும். தம்பி அதையும் தேடப் போனார்.

"விட்றா தம்பி, பேத்தி ராத்திரியிலயா பேசப்போறா?" என்றார் மாமா.

ஸ்கைப்பில் மணி அடித்தது. பச்சைப் பட்டன் முழுசாகத் தெரிந்தது. பேத்தி வந்தாள், ஹால் சுவர் அகலத்துக்கு. நெட் வேகத்துக்கு மூக்கும் வாயும் கட்டம் கட்டமாக இருந்தது, லண்டன் கமிட்டி அங்கீகரித்த அதே 240 கோடு தேறியிருக்கும்.

இப்போது 4கே வந்துவிட்டது. சமீபத்தில் நேரு வீதியில் ஒரு கடையில் புது டிவி விலை கேட்கும்போது, கார்டிலிருந்து முழுத் தரத்தில் சிக்னல் கொடுக்க எச்டிஎம்ஐ துளைக்கு மெனுவில் தனியாக அனுமதி தரவேண்டுமே, இதில் அது எந்தப் பெயரில் இருக்கிறது என்றேன். ஒருத்தன் இன்புட் சிக்னல் பிளஸ் என்கிறான், இன்னொருத்தன் டீப் கலர் என்கிறான், மூன்றாமவன் என்ஹான்ஸ்டு ஃபார்மட் என்கிறானே.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படம் தெரியும் சார். தெரியலன்னா ஆள் அனுப்புறோம், முந்நூறு ரூபா."