அவசர க்ஷவரம்

ஷெஃபீல்டிலும் ஸோலிங்கனிலும் செய்யப்பட்ட மடக்குச் சவரக்கத்தியைக் கொண்டு ஐந்தே நிமிஷத்தில் முகத்தை மழித்துவிடலாம் என்று சாதிக்கும் கனவான்கள், கத்தியின் முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வரத் தோல்வாரில் பல தடவை தீட்டுவதையும், தாடியை வெந்நீரில் ஊறவைப்பதையும், நுரை குழைப்பதையும், இடக்கையால் கன்னத்துச் சருமத்தை இழுத்துப் பிடித்துக் கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிறுத்தி மூச்சையும் உடன் நிறுத்துவதையும், என்ன காரணத்தாலோ, அந்த ஐந்து நிமிஷத்தில் சேர்ப்பதில்லை. தாடை வளைவில் கத்தி இறங்கும் தருணத்தில் காரியாலய ஞாபகம் குறுக்கிட்டுவிட்டால், மீதிக் காலம் முழுவதும் படிகாரக் கட்டிக்கே அர்ப்பணம். (வேகம் கூடாதென்று நான் சொல்லவில்லை, ரத்தம்தான் சொல்லுகிறது.)

மனுஷ சுபாவத்தின் இந்தப் பரபரப்பை நன்கு கணித்த அமெரிக்கரான கில்லெட், கழற்றி எறியும் பிளேடுடன் 1903-ல் விற்ற சவரக் கருவிகள் 51 மட்டுமே. மறு வருஷமோ அது 90,000-ஐத் தாண்டிற்று. ஆயினும் மடக்குக் கத்தியின் பக்தர்கள் சிரத்தை குன்றாமல் இன்னும் தீட்டிக்கொண்டேயிருக்கிறார்கள். அவர்களில் காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள், தயைகூர்ந்து முதல் நாள் இரவே ஆரம்பிப்பார்களாக.